நண்டுக் கம்பனியின் கோப்பு

வாசலில் வந்து நின்றவர் யோகநாயகம். எங்கள் பகுதி அரசாங்கக் கந்தோரில் பெரிய அதிகாரியாக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர்.

"பிரான்சிஸ்கா, அந்த நண்டுக் கம்பனி முதலாளியின்ர நம்பர் உங்களிட்ட இருக்கோ?"

அந்த வெளிநாட்டு முதலாளி எங்கள் ஊரான தோட்டவெளியில் நண்டு பதனிடும் தொழிற்சாலை கட்ட வந்தவர். அறுபது பெண்களுக்கு வேலை என்றார். நண்டுச் சதையை உடையாமல் எடுக்க எங்களைப் பழக்கினார். ஆனால் அனுமதிக் கோப்பு யோகநாயகத்தின் மேசையிலேயே பதினொரு மாதம் கிடந்தது. அவர் கேட்ட லஞ்சத்தை முதலாளி கொடுக்கவில்லை. வேலைக்குக் காத்திருந்த பெண்களுக்காகக் கோப்பைக் கேட்டு நான் போகும்போதெல்லாம் அவர் தலை நிமிராமல் ஒரே வசனத்தைச் சொல்லி அனுப்புவார். கடைசியில் முதலாளி வெறுத்துப்போய் ஓமானில் தொழிற்சாலையைக் கட்டிவிட்டார்.

"நம்பர் எதுக்கு ஐயா?"

"மகனுக்கு இங்க ஒரு வேலையும் இல்லை, பிள்ளை. ஓமானில ஆள் எடுக்கினமாம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால்..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாட்டில டொலர் இல்லையெண்டு அம்மாவின்ர மருந்துக்குக் கடை கடையா அலைஞ்சனான். மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கட ஆக்கள் வள்ளத்தைக் கரையில ஏத்திப்போட்டு இருந்தவை. டொலரோட வந்த மனுசனைக் கலைச்சு விட்டது ஆர்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். ஆனாலும் போகவில்லை.

"நம்பர்..." என்றார் மறுபடியும்.

நம்பர் என் கையிலிருந்த போனில்தான் இருந்தது. அவரை இருக்கச் சொல்லவில்லை. பதினொரு மாதமாக அவர் எனக்குச் சொன்னதையே நானும் தலை நிமிராமல் சொன்னேன்.

"அடுத்த கிழமை வந்து பாருங்கோ."