அலைக்குப் பணம், தட்டுக்குத் தடை

1

இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து வந்தது. வர்ஜீனியாவில் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார். அரசுப் பணத்தில் கேக் வாங்கக் கூடாது என்பதால் ஆளாளுக்குக் காசு போட்டு வாங்கினோம். அதை வெட்டிக்கொண்டே என் பக்கத்து மேசைக்காரி மார்வா டில்லட்சன் சொன்னாள்:

"வருஷம் பூரா ஆகாயத்தையே வெலைக்கு வாங்குறேன். ஒரு கேக் வாங்க எனக்கு அதிகாரம் இல்ல, பாத்தியா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துவிட்டு அந்த வரியைத் திருடிக்கொண்டேன்.

மார்வாவின் வேலை, அரசுக் கப்பல்களுக்காகத் தனியார் நிறுவனங்களிடம் செயற்கைக்கோள் தொடர்பை வாங்குவது. அவள் கையெழுத்துப் போட்டால்தான் அரசு வாங்கியதாகும். அவளுடைய மேலதிகாரி போட்டால்கூடச் செல்லாது.

2

முதல் தொடக்கம்: பூமிக்கு வெகு உயரத்தில், எல்லையில்லா இருளில், ஒரு செயற்கைக்கோள் தன்னந்தனியாக—

[வேண்டாம். மார்வா ஒரு செயற்கைக்கோளையும் கண்ணால் பார்த்ததில்லை. அவள் ஜன்னலில் தெரிவது கார் நிறுத்துமிடம்.]

இரண்டாவது தொடக்கம்: தொலைபேசி அடித்தது.

அலாஸ்காவிலிருந்து ஐக் லண்ட்குவிஸ்ட். வடதுருவக் கடலை அளக்கப் போகும் கப்பலில் மருத்துவ உதவியாளன். அந்தக் கப்பலில் மருத்துவர் கிடையாது. கரையிலிருக்கும் மருத்துவரைத் திரையில் பார்த்துப் பேசத்தான் இந்தத் தொடர்பு.

"மேடம், புது கம்பெனி சாட்டிலைட் அலை வந்துடுச்சா?"

"வந்தாச்சு ஐக். உங்க தலைக்கு மேலதான் கொட்டுது."

"கொட்டட்டும். எதுல புடிக்கிறது? பழைய கம்பெனிக்காரன் வந்து தட்டைக் கழட்டிட்டுப் போயிட்டானே!"

மார்வா ஒப்பந்தக் கோப்பை இழுத்துப் பிரித்தாள்.

3

நடந்தது இதுதான். அலை பிடிக்கும் தட்டு, அதாவது டிஷ் ஆன்டெனா, கப்பலின் மேல்தளத்தில் பல வருடமாக உட்கார்ந்திருந்தது. அது கப்பலுடைய சொத்து என்றே மார்வா நினைத்துவிட்டாள். உண்மையில் அது பழைய நிறுவனத்தின் வாடகைத் தட்டு. ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டது. புது ஒப்பந்தத்துக்கு அவள் அலையை மட்டும் கேட்டாள். தட்டையும் சேர்த்து விலை சொன்ன நிறுவனம் தோற்றது. கேட்டதை மட்டும் தந்த நிறுவனம் வென்றது.

ஒரு தட்டு வாங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். தட்டு கருவி. அதற்குப் பணம் வேறு கணக்கிலிருந்து வர வேண்டும். நாடாளுமன்றத்தில் இன்னும் பட்ஜெட் நிறைவேறவில்லை. அதுவரை பழையது தொடரலாம், புதியது எதுவும் தொடங்கக் கூடாது. அலை பழையது. தட்டு புதியது. ஆகவே பிடிக்க முடியாத அலைக்கு மாதாமாதம் ஒழுங்காகப் பணம் போகிறது.*

* இது மிகை என்றாள் இதன் முதல் வாசகி. அவள் தனியார் துறையில் வேலை செய்கிறாள், பாவம்.

4

எனக்கு ஐக் மேல் சந்தேகம். மிகவும் நல்லவனாக இருக்கிறான். அவனுக்கு ஒரு குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. கப்பல் சமையல்காரர் மால்கமை முதல் பிரதியில் கொன்றுகூடப் பார்த்தேன், உங்கள் கண்ணீருக்காக. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். ஐக் மார்வாவிடம் சொன்னதே போதும்:

"போன வருஷம் மால்கமுக்கு வயித்து வலி. வாயுன்னு நெனச்சு சோடா குடுத்தேன் மேடம். திரையில பாத்த டாக்டரம்மாதான் குடல்வால்னு சொல்லி ஹெலிகாப்டர் அனுப்பினாங்க. பொழச்சாரு. இந்தத் தடவை ஹெலிகாப்டர் வராத தூரம் போறோம். டாக்டரம்மாவும் இல்லன்னா நான் மட்டும்தான். நான் சோடாதான் குடுப்பேன்."

5

மார்வா எங்கள் சட்ட ஆலோசகர் கிளிஃப்டனிடம் போனாள்.

"தட்டை நான் வாங்கல. புது கம்பெனியோட தட்டு துறைமுகத்துலயே இருக்கு, அதை இருக்கிற ஒப்பந்தத்துலயே மாச வாடகைக்கு எடுக்கிறேன். பேரு 'அலை ஏற்புச் சேவை'. சேவைன்னா பழைய பணத்துலயே போகும்ல?"

"அம்மா தாயே! ஆள் ஒசரத்துக்கு இரும்பா நிக்குது. அதைச் சேவைன்னு எழுதுவியா?"

"எழுதினா?"

"தோத்த கம்பெனி அன்னைக்கே புகார் குடுக்கும். 'தட்டைச் சேர்த்ததாலதானே எங்க வெல கூடிச்சு'ம்பான். நியாயம்தானே? ஒன் கையெழுத்து அதிகாரம் போயிடும். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் வச்சுக்கிட்டு ஏன் இந்த வேலை?"

"கப்பல் நாளைக்குக் கெளம்புது கிளிஃப்டன்."

"சட்டப்படி என் கருத்து என்னன்னா, எனக்குக் கருத்து இல்ல. இதை நான் சொன்னேன்னு எங்கயும் எழுதிடாத."

[எழுதிவிட்டேன், கிளிஃப்டன்.]

6

முடிவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினேன். மூன்று வந்தன.

அ. மார்வா கையெழுத்துப் போடுகிறாள். தட்டு ஏறுகிறது. விசாரணை வந்து அவள் வேலை போகிறது. விலை: மார்வா.

ஆ. அவள் போடவில்லை. கப்பல் போகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, திரும்பி வருகிறது. சிக்கனத்துக்காகக் கிளிஃப்டனுக்குப் பாராட்டுச் சான்றிதழ். விலை: ஒன்றுமில்லை.

இ. அவள் போடவில்லை. வடதுருவக் கடலில் ஐக் சோடா பாட்டிலைத் திறந்தான். மால்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு—

[என்னால் முடியவில்லை.]

எங்கள் விதிப்படி, தகுதியுள்ளவற்றில் மலிவானதே வெல்லும். 'ஆ' வென்றது என்று அறிவிக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. 'ஆ'வும் 'இ'யும் மார்வாவின் மேசையில் ஒன்றேதான். இரண்டிலும் அவள் பேனாவை எடுக்கவில்லை. வித்தியாசமெல்லாம் மால்கமின் வயிற்றில் இருக்கிறது, அதற்கு விலைப்புள்ளி கேட்க முடியாது. எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொன்னால் என் வேலையும் போகும்.

7

வியாழன் பிற்பகல். தட்டு ஒரு சேவை என்று அச்சடித்த தாள் மார்வாவின் முன்னால் கிடக்கிறது. தொலைபேசி அடிக்கிறது.

"மேடம், சாமான் ஏத்திக்கிட்டிருக்கோம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு ஐக்."

"சோடா எத்தனை பெட்டி ஏத்தட்டும்?"

மார்வா திரும்பி என்னைப் பார்க்கிறாள். எனக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. நான் திரும்பி உங்களைப் பார்க்கிறேன். ஐக் இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.