பசித்தவர் தெருவில் திறக்கும் கடை

எங்கள் நகரத்தின் மிகச் சிறந்த சாப்பாட்டுக் கடை ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரை மணிக்கு வேறொரு தெருவில் இருக்கும். பத்தடி அகலம், ஆறு மேசை, பின்னால் சமையலறை, மாடியில் படுக்க ஒரு அறை, எல்லாம் ஒன்றாகவே விடிவதற்குள் இடம் மாறிவிடும். நகரத்தில் அன்று யாருக்குப் பசி அதிகமோ அவர் இருக்கும் தெருவில் போய் நிற்கும். அங்கே ஏற்கனவே நின்றுகொண்டிருக்கும் இரண்டு கட்டடங்கள், பஸ்ஸில் இன்னொருவர் உட்கார நகர்ந்து கொடுப்பதுபோல, ஆளுக்கு ஐந்தடி ஒதுங்கிக்கொள்ளும். குழாயில் தண்ணீர் வரும், அடுப்பு எரியும், சட்டியில் இருக்கும் சூப் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. மற்ற நகரங்களில் உயரமான கோபுரம் இருக்கலாம், நீளமான பாலம் இருக்கலாம். இப்படி ஒரு கடை உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கடை சமையல்காரியுடையது. அவள் கணவர் மேசைகளைக் கவனித்துக்கொண்டார். சூப், ரொட்டி, அவித்த கிழங்கு, பொரித்த முட்டை, அவ்வளவுதான் பட்டியல். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கணவர் தலையை வெளியே நீட்டி, "இன்னைக்கு ஆஸ்பத்திரி", "இன்னைக்குக் கோர்ட்டு" என்று உள்ளே குரல் கொடுப்பார். அதற்கேற்ப அவள் சூப்பைக் கெட்டியாகவோ நீர்க்கவோ வைப்பாள். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது கடை ஒன்பது நாள் அசையாமல் அங்கேயே நின்றது. உரிம அலுவலகத்தில்தான் தகராறு. எந்தத் தெரு என்று குமாஸ்தா கேட்டார். இன்றைக்கா, நாளைக்கா என்று கணவர் கேட்டார். நடமாடும் கடை என்றால் சக்கரம் இருக்க வேண்டும் என்றார் குமாஸ்தா. கோப்பு மூன்று வருஷம் மேசை மேசையாகச் சுற்றியது. பிறகு ஒருநாள் குமாஸ்தா வீட்டில் சண்டை போட்டுவிட்டு முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் விடியும்போதே அலுவலகம் வந்தார். கடை அலுவலக வாசலில் நின்றது. இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, விலாசம் என்ற இடத்தில் நகரத்தின் பெயரை மட்டும் எழுதி முத்திரை குத்தினார்.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் ஒன்று, பள்ளி மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்பாள், இல்லையென்றால் இரண்டாவது பாடத்துக்குத்தான் போவாள். அவளுக்குக் கடைமேல் கொள்ளைப் பெருமை. இருபது வயதில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் யாருக்கும் சொல்லாமல் கடைக்கு ஆயிரம் நோட்டீஸ் அடித்தாள். நல்ல தாள், இரண்டு வண்ணம், அம்மாவின் சூப்பைப் பற்றி நான்கு வரி. கீழே கொட்டை எழுத்தில் விலாசமும் போட்டாள். அன்றைக்குக் கடை எந்தத் தெருவில் நின்றதோ அந்தத் தெரு. இப்படி ஒரு தப்பை அந்த வீட்டில் பிறந்தவளைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. மறுநாள் நூற்றுக்கணக்கான பேர் நோட்டீசும் கையுமாக ஒரு தையல்காரர் வாசலில் போய் நின்றார்கள். கடை ரயில்வே பணிமனைக்குப் பக்கத்தில் இருந்தது.

சமையல்காரி அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்தது தப்பில்லை, ஆறு மேசையும் நிறைந்திருக்கும்போது கரண்டியும் கையுமாக வெளியே வந்து சிரித்ததுதான் தப்பு. "ஏன்டி, உன் கடை எங்க இருக்குன்னு உனக்கே தெரியாதா?" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மகள் மிச்சமிருந்த நோட்டீசுகளைப் பையில் போட்டுக்கொண்டாள். "உன் கடை என் வாசலுக்கு வர்ற அளவுக்கு நான் ஒருநாளும் பசியோட இருக்க மாட்டேன்ம்மா. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடியே இருந்தாள். பதினோரு வருஷம் ஒவ்வொரு காலையும் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதும் சமையல்காரியின் கை நின்றுவிடும். மகள் இருக்கும் தெருவாக இருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து துடிக்கும். இருந்தால் மகள் பட்டினி என்று அர்த்தமாயிற்றே என்று அதே மனசு பதறும். கணவர் வேறு ஏதாவது தெருவின் பெயரைச் சொன்னதும், "சாப்பிட்டிருக்கா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கிழங்கை உரிப்பாள். கர்வமும் துக்கமும் ஒரே சட்டியில் வெந்தன.

இதற்கிடையில் மகள் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டாள். ஐந்து மேசை. அஸ்திவாரம் கெட்டியா என்று கொத்தனாரைக் கூட்டிவந்து தட்டிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தாள். கடை இருந்த இடத்திலேயே இருந்தது. கணவர் மாதம் ஒரு திங்கட்கிழமை கிழங்கு வாங்கப் போவதாகச் சொல்லி அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். கிழங்கு இல்லாமல் திரும்புவார். சமையல்காரி ஒன்றும் கேட்க மாட்டாள், அவர் சட்டையை மோந்து பார்ப்பதோடு சரி.

ஒரு திங்கட்கிழமை அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மகளின் அடுப்புக்கு மேலே அந்தப் பழைய நோட்டீஸ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சமையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. வேலை அதிகம் என்றாள், வயிறு சரியில்லை என்றாள். இரண்டு நாள் பார்த்த கணவர் ஓடிப்போய் அதை மகளிடம் சொன்னார். இப்போது மகளும் சாப்பிடவில்லை. அவளுக்கும் வேலை அதிகமாகிவிட்டது.

மறுநாள் விடுமுறை. காலையில் கணவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தெருவின் பெயரைச் சொல்வதற்குப் பதில் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். சமையல்காரி வெளியே வந்தாள். இரண்டு பக்கமும் கிடங்குகள், எல்லாக் கதவிலும் பூட்டு, ஒரு ஈ காக்கை இல்லை. எதிர் வரிசையில், இரண்டு கிடங்குகள் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில், ஸ்டேஷன் பின்சந்தில் இருக்க வேண்டிய கடை நின்றது. அதன் வாசலில் மகள் ஈரக்கையோடு நின்றாள். இருவரும் தெருவை மேலும் கீழும் பார்த்தார்கள். பசித்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடினார்கள். அவர்கள் இருவரையும் கணவரையும் தவிர அந்தத் தெருவில் ஆளே இல்லை. கணவர் எப்போதும்போல வயிறாரச் சாப்பிட்டிருந்தார்.

யார் முதலில் தெருவைக் கடப்பது என்று பத்து நிமிஷம் போனது. பிறகு சமையல்காரி சமையல் மேலங்கியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, நேரே போய் மகளின் கடையில் முதல் மேசையில் உட்கார்ந்தாள். "என்ன இருக்கு?" என்றாள்.

"சூப் இருக்கு, ரொட்டி இருக்கு. இருங்க, கொண்டு வரேன்" என்றாள் மகள், எந்த வாடிக்கையாளரிடமும் சொல்வதுபோல.

சமையல்காரி ஒரு கிண்ணம் குடித்தாள், இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தாள். "என்னோடதைவிட நல்லா இருக்கு" என்றாள். அவள் முகஸ்துதி செய்கிறவள் இல்லை, இந்த நகரத்துக்கே அது தெரியும். அப்புறம் தலையைத் தூக்கி, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சிரிச்சிருக்கக் கூடாதுடி" என்றாள்.

மகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பை அணைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "எழுந்திரும்மா. நான் இன்னும் சாப்பிடல" என்று அம்மாவின் கையைப் பிடித்து எதிர்க்கடைக்குக் கூட்டிப் போனாள். ஆறு மேசையில் எதில் உட்காருவது என்று கணவர் கேட்டபோது இருவரும் அடுப்படிக்கே போய்விட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை இரண்டு கடைகளும் பஸ் டெப்போ வாசலில் எதிரெதிராக நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, எதில் இடம் காலியாக இருந்ததோ அதில் போய் உட்கார்ந்தார்கள்.