பதினாலுக்கு ஆறு

அந்த விமானத்தைச் சக்களத்தி என்றுதான் நர்ஸம்மா சொல்லுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள், கூடத்து மூலையில் இறக்கைகளைக் கழற்றிச் சாய்த்து வைத்திருக்கும் மஞ்சள் உடம்பைப் பார்த்து "இது என்னங்க?" என்று கேட்டால் போதும். "அதுவா? என்னைக் கட்டிக்கிட்ட பிறகு இவர் கட்டிக்கிட்டது. மூத்தவளைவிட இளையவளுக்குத்தானே செல்லம் அதிகம்!" என்பாள். அவள் கணவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். மெல்லிய துணியால் விமானத்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

அவர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர். இருபது வயதில் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றவர், ஐம்பதைத் தாண்டியும் அதே இடத்தில்தான் நிற்கிறார். விமானத்தைத் தன் கையாலேயே கட்டினார். மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள். ரேடியோ கன்ட்ரோலில் பறப்பது. மூக்கில் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். மைதானத்துக்கு வரும் மற்றவர்களுடைய விமானங்கள் கொசு மாதிரி கீச்சிட்டுக்கொண்டு பறக்கும். இவருடையது மட்டும் நிஜ விமானம் மாதிரி கனத்த தொண்டையில் பேசும். அந்தக் குரலுக்குத்தான் அவர் மயங்கிக் கிடந்தார்.

நர்ஸம்மாவுக்குப் பிரசவ வார்டில் வேலை. வயிற்றின் மேல் கருவியை வைத்து, உள்ளே இருக்கும் குழந்தையின் இதயம் எப்படி ஓடுகிறது என்று காதால் அளப்பதில் அவளுக்கு நல்ல பெயர். "துடிப்பு இறங்குது" என்று அவள் சொன்னால் டாக்டர்கள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவார்கள்.

வார்டில் அவள் பேச்சுக்கு இருந்த மதிப்பு வீட்டில் இல்லாமல் போயிருந்தது. ஒரு வருடமாகவே அப்படித்தான். "நாளைக்கு எனக்குக் காலை டியூட்டி" என்று இவள் சொன்னால், "ஆமா ஆமா, ரொம்ப நல்லாருந்துச்சு" என்பார் அவர். வாசலில் மணி அடித்தால் எழுந்திருக்கமாட்டார். அவள் தன் அக்கா வீட்டுச் சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்த பிறகு, "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். முதலில் கோபம் வந்தது. பிறகு கோபப்படுவதும் அலுத்துப்போனது. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் பேச்சு புருஷன் காதில் ஏறாது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவர் அதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக அவருடன் வரும் நண்பருக்குக் காய்ச்சல். "வாலைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். வர்றியா?" என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் கிளம்பினாள்.

மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் பின்னால் இருந்த புல்வெளிதான் மைதானம். அவள் மண்டியிட்டு விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டாள். அவர் எஞ்சினைக் கிளப்பி, முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டு, மூக்கில் சுழலும் விசிறிக்குப் பின்பக்கமாகக் கைநீட்டி ஊசியைத் திருகினார். உள்ளே போகும் எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள சிறிய திருகுக்குத்தான் ஊசி என்று பெயர். அதை இறுக்க இறுக்க எரிபொருள் குறையும், வேகம் ஏறும், சூடும் ஏறும்.

அவர் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கனத்த சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் நர்ஸம்மாவுக்குக் கேட்டது. சின்னச் சுத்தியலால் யாரோ டம்ளரைத் தட்டுவது மாதிரி டிக், டிக், டிக் என்று. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தலையை ஆட்டி ரசித்தபடி மறுபடியும் இறுக்கினார்.

படாரென்று ஒரு வெடிச்சத்தம். எஞ்சின் ஒரு கணம் பின்னோக்கி உதைத்தது. விசிறி நட்டோடு கழன்று, முன்பக்கம் சுழன்று பறந்து எங்கோ புல்லில் போய் விழுந்தது. நல்லவேளையாக முன்னால் யாரும் இல்லை.

பக்கத்தில் தன் விமானத்தோடு நின்ற கேப்டன் ஓடிவந்தார். நிஜ விமானத்தில் பயணியாகக்கூட ஏறியிராத அந்த மனிதருக்கு, எப்போதும் தொப்பி போட்டிருந்ததால் அந்தப் பெயர்.

"என்னண்ணே, அவ்ளோ நேரமா டிக் டிக்குன்னு கத்துதே, விட்டுட்டு நிக்கிறீங்க! அண்ணிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"என்ன டிக் டிக்? நல்லாத்தானேப்பா பாடிட்டு இருந்துச்சு?"

கேப்டன் சிரித்தார். நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வலியை மறைக்கிற முகம், பயத்தை மறைக்கிற முகம் எல்லாம் அவளுக்கு அத்துபடி. இந்த முகம் எதையும் மறைக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அது கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றாள். தன் வழக்கமான மெல்லிய குரலில், "எங்கம்மா நாளைக்குப் பெட்டி படுக்கையோட வர்றாங்க. ஆறு மாசம் தங்கப் போறாங்க" என்றாள்.

அசைவே இல்லை.

"உங்க விமானத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன்."

அவர் ஒரு திருகாணியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டையைக் கனைத்து, ஆண்பிள்ளை மாதிரி கட்டைக் குரலில், "டீ வேணுமா?" என்றாள்.

"குடு" என்றார் உடனே.

அடுப்படிக்குப் போய் அவள் உடனே டீ போடவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு வருடமாக நெஞ்சில் தூக்கிச் சுமந்த பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது, வேறொரு பாரம் ஏறிய மாதிரியும் இருந்தது. மனுஷன் கேட்காத மாதிரி இருக்கிறார் என்று நினைத்தோமே, மனுஷனுக்குக் கேட்கவே இல்லையே! பிறகு டீயோடு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் நிமிர்ந்து, "என்ன, பலமான கவனிப்பா இருக்கு?" என்றார்.

"அடுத்த வாரமும் நான் வரேன்" என்றாள் கொஞ்சம் உரக்க.

"எதுக்கு?"

"காத்து வாங்க."

அந்த வாரம் ஒருநாள் அவர் சாப்பாட்டு மேசை முழுக்க விசிறிகளைப் பரப்பினார். அவள் எதிரே உட்கார்ந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மேலே 14x8 என்று அச்சடித்திருந்தது.

"அன்னைக்கு இதைத்தான் போட்டிருந்தேன்" என்றார் அவர். "பதினாலுங்கிறது நீளம். எட்டுங்கிறது, ஒரு சுத்து சுத்தினா எத்தனை அங்குலம் முன்னால போகும்ங்கிற கணக்கு. பெரிசாவும் இருக்கு, காத்தைக் கடிக்கிறதும் ஜாஸ்தி. எஞ்சினுக்குச் சுமை. அதுல ஊசியையும் இறுக்கினா சூடு தாங்குமா?"

"புரியிற மாதிரி சொல்லுங்க."

"சைக்கிள்ல கியர் இல்லையா? எட்டுங்கிறது சமதரையில பறக்கிற கியர். மேடு ஏற ஆகாது."

"நம்ம ஆளு அசைஞ்சு அசைஞ்சு போறவதானே? ரெண்டு இறக்கை, பெரிய வயிறு. அவளுக்கு எதுக்குங்க ஓட்டப்பந்தயச் செருப்பு?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மேசையிலிருந்து இன்னொரு விசிறியைத் தேடி எடுத்தார். பதினாலுக்கு ஆறு. அதன் நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகி இரண்டு டம்ளர்களுக்கு மேல் வைத்தார். ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. கனமான பக்கத்தை உப்புத்தாளால் அவர் லேசாகத் தேய்க்க, அவள் மறுபடி வைத்துப் பார்க்க, அவர் தேய்க்க, சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் விசிறி எந்தப் பக்கமும் சாயாமல் படுக்கைவசமாக நின்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாலை ஒரு முளையில் கட்டிவிட்டு, அவள் அவருக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். அவர் ஊசியை இறுக்கினார். சத்தம் ஏறி, ஒரு உச்சிக்குப் போய், அதற்கு மேல் ஏறாமல் நின்றது. அடியில் டிக் என்று ஒன்று தொடங்குவதற்குள் அவள் அவர் தோளில் தட்டினாள். அவர் திரும்பவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. ஊசியைக் கொஞ்சம் தளர்த்தினார். சத்தம் ஒரு படி இறங்கி, வயிறு நிறைந்த மாதிரி உருண்டையாக ஓடியது. விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். மேலே ஏறும்போது எரிபொருள் போதாமல் எஞ்சின் திணறுமா என்று பார்க்கும் சோதனை அது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை தட்டினாள், இது வேறு மாதிரித் தட்டல்.

இப்படியே பல ஞாயிறுகள் போயின. தோளில் அவள் கை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பதினாலுக்கு ஆறைப் போட்டதிலிருந்து விமானம் சாவகாசமாக ஏறி, தாழ வந்து, புல்லை உரசிக்கொண்டு போனது. "அண்ணி வந்த ராசி!" என்றார் கேப்டன்.

பிறகு ஒருநாள் நல்ல வெயில். வேறு ஊர்க்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர் கன்ட்ரோல் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விமானத்தை மேலே ஏற்றி ஒரு பெரிய வட்டம் போடத் தொடங்கினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இறங்குது" என்றாள் திடீரென்று. வார்டில் சொல்லுகிற அதே குரல் தானாக வந்துவிட்டது. அவர் பக்கத்தில் போய்க் காதோரமாக, "இறக்குங்க. உடனே" என்றாள்.

"இப்பதானே ஏத்தினேன்!"

"டிக் டிக்குங்குது. இறக்குங்க."

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன்கூட, "எனக்கு ஒண்ணும் கேட்கலையே அண்ணி" என்றார். விமானம் அவ்வளவு உயரத்தில் இருந்தது. அவர் ஒரு நொடி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி பெட்டியிலிருந்த குச்சியைக் கீழே இழுத்து எஞ்சினை அடக்கினார். அது ஒருமுறை இருமி அணைந்தே போனது.

மஞ்சள் விமானம் சத்தமில்லாமல் மிதந்தது. அவர் மூக்கைத் தாழ்த்தி, வேகத்தை விடாமல், காற்றுக்கு எதிராகத் திருப்பினார். கட்டைவிரல்கள் மட்டும்தான் அசைந்தன. சக்கரம் புல்லில் பட்டு, ஒரு தடவை குதித்து, உருண்டு நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

கேப்டன் எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். எரிபொருள் போகும் ரப்பர் குழாயில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அதன் வழியாகக் காற்று புகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது. "இன்னும் ஒரு சுத்து சுத்தியிருந்தா விசிறி அங்கேயே கழண்டிருக்கும். உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"எனக்கெங்கே தெரிஞ்சுது?" என்றார் அவர். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "எனக்கு அந்தச் சத்தம் கேட்காதுப்பா. காது போச்சு. இவளுக்குத்தான் கேட்கும்."

நர்ஸம்மா சட்டென்று குனிந்து, இல்லாத தூசியை விமானத்தின் இறக்கையிலிருந்து தட்டினாள்.

விமானத்தின் இறக்கைகளைக் கழற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வழியில் அவள், அவருக்குக் கேட்கிற குரலில், "எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"மெஷின்ல பேப்பர் மடங்கினா முன்னல்லாம் சத்தத்துலயே பிடிச்சிடுவேன். இப்போ மடங்கி வெளியில வந்து விழுந்தாத்தான் தெரியுது. ரொம்ப நாளாவே."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"காது கேட்கலைன்னா கிழவன்னு ஆயிடும்ல?"

"இப்போ மட்டும் என்ன, மாப்பிள்ளைக் கோலமா?"

அவர் சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் வேற என்னமோ நினைச்சுட்டேன். என் பேச்சு உங்களுக்குப் புளிச்சுப்போச்சுன்னு" என்றாள்.

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். "மெல்லிசான சத்தந்தான் முதல்ல போச்சு. கனமானதெல்லாம் அப்படியே இருக்கு. மெஷின், லாரி, கேப்டன் எல்லாம் நல்லாக் கேட்குது. நீ பேசறதுதான் கேட்கலை. நானே எத்தனை தடவை கேட்டது கேட்காததுக்கெல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்கேன் தெரியுமா? மறுபடி சொல்லுன்னு எத்தனை தடவைதான் கேட்கிறது?"

"ஆயிரம் தடவை கேட்டா என்ன? வாய் தேஞ்சா போயிடும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. "இது கேட்குது" என்று சொல்லி அவர் வண்டியை எடுத்தார்.

காது டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். கோடு நேராக வந்து, ஓரிடத்தில் மாடிப்படியிலிருந்து தவறியவன் மாதிரி கீழே விழுந்தது. மெஷின் பக்கத்தில் நின்ற காலமெல்லாம் செய்த வேலை என்றார். கொஞ்ச நாளில் இரண்டு காதுகளுக்கும் சின்னக் கருவிகள் வந்தன. மைதானத்தில் முதல் தடவையாக அவற்றை மாட்டிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பியவர், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "இவ்வளவு கடகடன்னா ஓடுது?" என்றவர், எஞ்சினை அணைத்து ஆறவைத்து, மேல்மூடியைத் திறந்து வால்வு இடைவெளியை அளந்தார். தேவைக்கு மேல் தளர்ந்துபோய், அதுதான் கடகடத்திருக்கிறது. எத்தனை நாளாக அப்படிக் கிடந்ததோ!

அதைச் சரிசெய்துவிட்டு ஊசிக்குக் கை நீட்டியபோது, "கொஞ்சம் பின்னால வந்து உட்காரேன்" என்றார்.

"அதான் காது வந்திடுச்சே?"

"வந்திடுச்சுதான். இருந்தாலும் உட்காரு."

அவள் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள்.

அன்று சாயங்காலம் கருவிகளைக் கழற்றாமலே அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து முணுமுணுவென்று ஒரு குரல் வந்தது. ஈரத் துண்டைக் கதவில் போடுகிறவர்கள், கழுவிய தட்டை மறுபடி அழுக்காக்குகிறவர்கள், மூடியைத் திறந்தால் மூடத் தெரியாதவர்கள் என்று ஒருவரைப் பற்றியே பல பேராகச் சொல்லிக்கொண்டு போனது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்று முழுதாகக் கேட்டார்.

"தினமும் இப்படித்தான் திட்டிட்டு இருந்தியா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு கணம் மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி முழித்தாள்.

"இல்லையே" என்றாள். "இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."