பதினோராயிரம் பேர் இறக்கிய குறட்டை

உதவிப் பேராசிரியையின் குறட்டைக் கட்டுரையைப் பதினோராயிரம் பேர் பதிவிறக்கம் செய்திருந்தார்கள். ஆனால் ஒரு ஆராய்ச்சியாளன்கூடத் தன் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டவில்லை. எப்படிக் காட்டுவான்? இறக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் கணவனின் குறட்டையால் கண் சிவந்துபோன மனைவிமார்கள். பதவி உயர்வுக்கோ விதிப்படி ஒரு மேற்கோளாவது வேண்டும். இரண்டு முறை கைவிரித்துவிட்டார்கள். இது மூன்றாவது, கடைசி முறை.

தேர்வுக் குழுத் தலைவர் கட்டடப் பொறியியல் பேராசிரியர். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'சிமென்ட்'. அவர் அவளுடைய ஃபைலை மூடினார்.

"டவுன்லோடுங்கிறது வாசல்ல நின்னு எட்டிப் பாக்குறதும்மா. மேற்கோள்னா உள்ள வந்து உக்கார்றது. உங்க வீட்டுக்குள்ள யாருமே வரலியே. டிசம்பர் வரைக்கும் டைம் தர்றோம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியிறங்கும்போது சிமென்ட் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்து, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"குறட்டை வராம இருக்க, மல்லாந்து படுக்க விடாம பனியன் முதுகுல பந்து வச்சுத் தைக்கச் சொல்லியிருக்கீங்களே, நடுவுலயா, கொஞ்சம் மேலயா? குத்துது."

"சார், நீங்களுமா!"

"நாலு வருஷமா ஹால் சோபாதான்மா. போன மாசம்தான் வீட்டுக்காரி ரூமுக்குள்ள சேர்த்தா. மச்சானுக்கும் ஒண்ணு இறக்கிக் குடுத்தேன்."

"உங்க தூக்கத்துக்கு என் கட்டுரை வேணும், என் ஃபைல்ல மட்டும் முட்டையா?"

"சிமென்ட் கட்டுரையில குறட்டையை எங்கம்மா சொருகுறது?"

"அது உங்க பாடு சார். ஒரு வரி போதும்."

நவம்பரில் சிமென்ட்டின் புதுக் கட்டுரை வந்தது. கலவை இறுகும் இருபத்தெட்டு நாளும் பிசகாமல் அளவெடுக்க ஆய்வாளருக்கு நல்ல உறக்கம் உதவியது என்று நடுவில் ஒரு வரி. அடியில், முப்பத்தேழாவது மேற்கோளாக, அவள் கட்டுரை. வெட்கங்கெட்ட வரிதான். அவள் அதை நாலு தடவை படித்துச் சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.

பதவி உயர்வு உத்தரவைக் கணவனிடம் காட்டினாள். இருநூறு நாள் தொண்டையில் மைக்கை ஒட்டிக்கொண்டு அந்த ஆராய்ச்சிக்காகக் குறட்டை விட்டவன் அவன்தான். உத்தரவை ஓரமாக வைத்துவிட்டு, முதல்முறையாகக் கட்டுரையை எடுத்துப் புரட்டினான்.

"இதுல என் பேர் எங்க?"

"ஆராய்ச்சியில பேரெல்லாம் போட மாட்டாங்க. 'நடுத்தர வயது ஆண், பருமன்'னு இருக்கு பாருங்க, அது நீங்கதான்."

அவன் அந்த வரியைத் தேடிப்பிடித்துப் படித்தான்.

"பேர் போட இடமில்ல. பருமன்னு போட மட்டும் இடம் இருந்துச்சாக்கும்."