தேன்சிட்டு உட்காரும்

2021 ஜூலையில், ரங்கூன் முழுக்க ஆக்சிஜனுக்கு அலைந்தபோது, எங்கள் மகள் ஆன்மேரி இறந்தாள். பள்ளியில் உயிரியல் நடத்தியவள். அவள் அப்பா பர்னபாஸ் காலி சிலிண்டரோடு வரிசையில் நின்றிருந்தார். லான்மடாவ் பகுதியில், எங்கள் நாலாம் மாடி வீட்டில் நான் மட்டும்தான் அவளோடு இருந்தேன்.

வராந்தாக் கம்பியில் ஒரு சிறு குருவி வந்து உட்கார்ந்தது. கருநீலத் தொண்டை, மஞ்சள் வயிறு. அவள் கவனத்தைத் திருப்பலாம் என்று, "பாருடி, ஹம்மிங்பேர்ட். டாடி சொல்வாருல்ல, உக்காந்தா செத்துரும்னு" என்றேன்.

"தப்பு மம்மி. அது அமெரிக்காவுலதான்... இது தேன்சிட்டு. ரெண்டுமே... உக்காரும்."

"இப்ப அதுவா முக்கியம்? பேசாதடி."

அதற்குப் பின் அவள் பேசவில்லை.

சிலிண்டரோடு படியேறி வந்த பர்னபாஸ், "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார். மிச்சமிருந்த மூச்சைக் குருவிக்குச் செலவழித்தாள் என்று எப்படிச் சொல்வது? "டாடி வந்துட்டாரான்னு கேட்டா" என்றேன்.

போன வருஷம் ஜெபக்கூட்டத்து செசிலியா ஃபேஸ்புக்கில் அவருக்கு ஒன்றைக் காட்டினாள். ஹம்மிங்பேர்ட் வீட்டுக்கு வந்தால், இறந்துபோனவர்கள் நம்மைப் பார்க்க வந்ததாக அர்த்தமாம். "செவப்புத் தண்ணி வைங்க அங்கிள், தேடி வரும்."

பர்னபாஸ் சர்க்கரைத் தண்ணீரில் சாயம் கலந்து வராந்தாவில் தொங்கவிட்டார். தேன்சிட்டு வந்தது. நொடியில் குடித்துவிட்டுப் போய்விடும். "வந்துட்டியாம்மா" என்பார். மறுபடி ஷேவ் செய்துகொள்ள ஆரம்பித்தார். அது ஹம்மிங்பேர்ட் இல்லை என்று நான் திருத்தப் போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை அது குடித்துவிட்டுப் போகாமல், கம்பியில் உட்கார்ந்து கண்ணை மூடியது. பர்னபாஸ் பதறிக் கை தட்டினார்.

"பறந்து போம்மா! உக்காராதம்மா, செத்துருவ!"

அது நகர்ந்து அடுத்த கம்பியில் உட்கார்ந்தது. துண்டை வீசி விரட்டினார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"விடுங்க. உக்காந்தா சாகாது. அது ஹம்மிங்பேர்டே இல்ல, தேன்சிட்டு. ஆன்மேரிதான் சொன்னா."

"எப்போ சொன்னா?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "கடைசியா" என்றேன்.

அவர் துண்டை மெல்ல மடித்தார். "அப்போ என்னைக் கேக்கல" என்றார்.

பாட்டில் இன்னும் தொங்குகிறது. தண்ணீர் புளித்து எறும்பு மொய்க்கிறது. குருவி வருகிறது, வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் வராந்தாக் கதவைத் திறப்பதில்லை.