மாசு போர்டு ஸ்டாப்

...ஒன்றுகூட இல்லை, தட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கிறேன், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கிறேன், ஒரே ஒரு நீலப் புள்ளிகூட இல்லை, பதினோரு வருஷமாக இந்த ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறவள் நான், என் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி ஒளிந்துகொள்ள முடியாது, நேற்றுக் காலை வடிகட்டி, ஒரு நாள் முழுக்கச் சூட்டுப்பெட்டியில் வைத்து எடுத்த தட்டு, தண்ணீரில் கிருமி இருந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு நீலப் புள்ளியாக வளர்ந்து உட்கார்ந்திருக்கும், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மை போட்ட மாதிரி தட்டு முழுக்க நீலமாக இருக்கும், 'எண்ண இயலாது' என்று அதற்கென்றே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருந்தோம், அப்புறம் மேலே சாக்கடைகளையெல்லாம் திருப்பிவிட்டு, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, இருநூறு, எழுபது, நாற்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, போன வாரம் ஆறு. இன்றைக்குப் பூஜ்யம். பூஜ்யமா? இந்த ஆற்றுக்கா? சந்தோஷத்தில் ஒரு கூச்சல் தொண்டைவரை வந்துவிட்டது, பக்கத்துத் தட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அதுவும் பூஜ்யம்.

அது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும், அது ஆற்றுத் தண்ணீரே இல்லை, கொதிக்க வைத்து ஆறவைத்த சுத்தத் தண்ணீர், நம் கையும் கருவியும் சுத்தமாக இருந்தன என்று காட்டுவதற்காக ஒவ்வொரு வாரமும் ஆற்றுத் தண்ணீரோடு அதையும் ஊற்றி வடிகட்டுவோம், எங்களுக்குள் அதற்குச் சாட்சி என்று பேர். இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில், ஒரே மாதிரி மூடி. அப்படியானால் நேற்று நான் சாட்சியையே இரண்டு தடவை ஊற்றித் தொலைத்தேனா? ஊற்றியிருக்க மாட்டேன்... ஏன் ஊற்றியிருக்க மாட்டேன், சரியாக அந்த நேரம் பார்த்துத்தானே அக்கா போன் செய்தாள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நான் வடிகட்ட, "நாளைக்குப் பன்னெண்டாவது வாரமாடி?" என்றாள், "ஆமாக்கா, இதுவும் தேறிடுச்சுன்னா போர்டை எடுத்துடுவாங்க, நான் நீந்தியே உன் வீட்டுக்கு வந்துடறேன் பாரு" என்றேன், "கிழிச்ச, பாதியில மூச்சு வாங்கி மிதப்ப" என்று அவள் சிரிக்க, நானும் சிரிக்க, அந்தச் சிரிப்பின் நடுவே என் கை எந்தப் பாட்டிலை எடுத்தது? மூளையை எவ்வளவு கசக்கினாலும் நினைவுக்கு வரவில்லை. பன்னிரண்டு வாரம் தொடர்ந்து தேற வேண்டும், நடுவில் ஒரு சோதனை செல்லாமல் போனாலும் மறுபடி ஒன்றிலிருந்து, அதுதான் விதி, ஒன்றிலிருந்து என்றால் இந்தக் கோடை போச்சு, என் மகளுக்கு வயது பத்து, நீச்சல் குளத்தில் மீன்குஞ்சு மாதிரி நீந்துகிறாள், வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஆற்றில் இன்னும் கால் நனைத்ததில்லை.

எல்லாம் அந்தப் போர்டால். 'ஆற்று நீர் மாசடைந்துள்ளது, இறங்கக் கூடாது.' அக்கா கல்யாணமாகி அக்கரைக்குப் போன அதே வருஷம் வைத்தது. மாசு... வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள், சட்டை என்றால் அழுக்கு, பால் என்றால் கெட்டுப்போச்சு, தண்ணீர் என்றால் ஒரு மாதிரி வாடை வருது, மாசு என்பது அரசாங்கப் படிவத்தில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்கிற வார்த்தை, அதைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தவர் எங்கள் பஸ் கண்டக்டர்தான். ஆற்றங்கரை ஸ்டாப்புக்குச் சொந்தமாகப் பேர் கிடையாது, அவர் பார்த்தார், கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார், "மாசு போர்டெல்லாம் எறங்கு!" அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது, தையல்காரர் ரசீதிலேயே 'மாசு போர்டு எதிரில்' என்று அச்சடித்துவிட்டார், மாசு போர்டு பக்கம் நல்ல காற்றோட்டமான வீடு வாடகைக்கு இருக்கிறது என்று புரோக்கர் வாய் கூசாமல் சொல்கிறார், நானும் தினமும் அங்கேதான் இறங்கி ஆய்வகத்துக்கு நடக்கிறேன், பஸ் மட்டும் என்னை விட்டுவிட்டு மேலே பாலத்துக்குப் போகும். போர்டை எடுத்துவிட்டால் கண்டக்டர் என்ன சொல்லிக் கத்துவார்? பாவம், அதையே சொல்வார். போன வாரம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மாசு என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள், அவள் எழுதியிருக்கிறாள், 'என் அம்மா தினமும் மாசு எண்ணுகிறாள்', டீச்சர் சிவப்பில் அடித்து, மாசை எண்ண முடியாது என்று குறிப்பு வேறு, எனக்கு வந்ததே கோபம், பதினோரு வருஷமாக எண்ணித்தானே டீச்சர் சம்பளம் வாங்குகிறேன் என்று நேரிலேயே போய்க் கேட்க இருந்தேன், அப்புறம் எங்கள் ரப்பர் ஸ்டாம்பும் அதைத்தானே சொன்னது என்று ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

பதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நாலு எட்டு வைத்தால் ஃபிரிட்ஜ், முடிவில் கையெழுத்து ஆகிறவரை மீதித் தண்ணீரை அதில்தான் வைத்திருப்போம், ஒவ்வொரு பாட்டிலிலும் நிரப்பும்போதே கழுத்தில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுவேன், ஆற்றுப் பாட்டில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒழுங்காக ஊற்றியிருக்கிறேன், கோட்டிலேயே நின்றால் நான் கழுதை. போய்ப் பார்க்கவேண்டியதுதானே? கால் வரமாட்டேன் என்கிறது. பார்க்காமலேயே எழுதினால்தான் என்ன, போன வாரமே ஆறு, கண்டிப்பாகத் தேறியிருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது... எனக்குத் தெரியுமே, மகள் முங்கி எழுந்து ஒரு தடவை தும்மினால் போதும், எனக்கு உயிர் போய்விடும். தலைமை மேடம் எட்டிப் பார்க்கிறார், மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, "என்னம்மா, தட்டு பார்த்தாச்சா?" "பார்த்துட்டே இருக்கேன் மேடம்." "பார்த்துட்டே இருக்க அதென்ன சினிமாவா? பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போடணும்." போய்விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது எட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எனக்கே சிரிப்பு, ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். சாட்சிப் பாட்டில், கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. ஆற்றுப் பாட்டில்... அதுவும் இரண்டு விரல் கீழே. மறுபடி பார்த்தேன், வெளியே எடுத்து மேஜைமேல் வைத்து, குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்தேன், மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், ஈரமண் வாசனை, ஆறேதான், சாட்சி இல்லை, ஊற்றியிருக்கிறேன், ஒழுங்காகத்தான் ஊற்றியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே ஊற்றியிருக்கிறேன்! பாட்டிலைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்தேன், கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, அது பாட்டுக்கு முட்டட்டும்.

படிவத்தில் 'மாசு: உண்டு / இல்லை' என்று ஒரு வரி உண்டு, நான் சேர்ந்த நாள்முதல் 'இல்லை'யை அடித்து அடித்தே பழகிய கை, தேறிய பதினோரு வாரமும் 'உண்டு, அளவுக்குள்' என்றுதான் எழுதியிருக்கிறேன், இன்றைக்கும் பேனா தானாக 'இல்லை' பக்கம் போய்விட்டது, பிடித்து இழுத்துவந்து 'உண்டு'வின்மேல் ஒரு கோடு போட்டேன், நேராகக்கூட வரவில்லை, மேடம் வாங்கிப் பார்த்தார், தலைக் கண்ணாடியையும் இறக்கி மூக்குக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தார், "அடிப்பாவி" என்றார், கையெழுத்துப் போட்டார், "சாயங்காலம் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் என் செலவு" என்றார். நான் ஜன்னலுக்கு ஓடினேன், அங்கிருந்து பார்த்தால் அக்கரையில் அக்கா வீட்டு மொட்டைமாடி தெரியும், போன் செய்தேன், "அக்கா, பூஜ்யம்." "என்னடி?" "ஒண்ணுகூட இல்லக்கா, ஒரு புள்ளிகூட இல்ல, போர்டை எடுக்கப் போறாங்க!" அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ விழுந்து உருண்டது, அப்புறம் அவள் போட்ட கூச்சல் போன் இல்லாமலே ஆற்றைத் தாண்டி வந்திருக்கும், "அப்ப வர்றியாடி? நெஜமா நீந்தியா?" "நீந்தித்தான், மகளையும் கூட்டிட்டு" என்றேன், அவள் மாடிக்கு ஓடிவந்து எதையோ எடுத்து ஆட்டினாள், துண்டா, புடவையா, சின்னதாக, சிவப்பாக, நானும் ஆய்வக மேலங்கியைக் கழற்றி ஆட்டினேன், அப்போதுதான் கீழே கண்டக்டர் குரல் கேட்டது, "மாசு போர்டெல்லாம் எறங்கு!" நாலு பேர் இறங்கினார்கள், பஸ் கிளம்பி, வளைந்து, பாலத்தில் ஏறி, அக்கரையில் இறங்கி, ஆடுகிற அந்தச் சிவப்புக்கு நேர் கீழே, அக்கா வீட்டுத் தெருமுனையில் போய் நின்றது, அதுதான் அதன் கடைசி ஸ்டாப், இத்தனை வருஷமும் அதுதான், என் வீட்டுப் பக்கம் ஏறினால் இருபது நிமிஷம். நான் கையை இறக்கிவிட்டேன். எங்களுக்குள் ஒரு சண்டைகூட இல்லை, இருந்திருந்தால் சமாதானமாவது பேசியிருப்போம், ஆறு இப்படிக் கிடக்கே என்று அவள் சொல்வாள், ஆமாக்கா என்று நான் சொல்வேன், வருஷத்துக்கு இரண்டு தடவை யார் வீட்டு விசேஷத்திலாவது பார்த்துக்கொள்வோம்... "என்னடி சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா. "அக்கா, இந்த பஸ்..." என்றேன். சிவப்புத் துணி ஆடுவது நின்றிருந்தது, அவளும் கீழே குனிந்து பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.