வெட்டப்பட்ட ஐந்து வரிகள்

ஹாஸ்டல் வார்டன் துறை அறைக்குள் வந்து, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நன்றி சொன்னபோது, நிலவியல் விரிவுரையாளருக்கு எதற்கென்றே விளங்கவில்லை.

"நீங்க எழுதினதப் படிச்ச பிறகுதான் மேடம் நிம்மதியாச்சு. மழைக்குப் பயந்து பின்வரிசை ரூமையெல்லாம் பூட்டி வெச்சிருந்தேன். போன வாரம் பிள்ளைங்கள மறுபடியும் அங்கயே போட்டுட்டேன். முப்பத்திரண்டு பேரு."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே அவள் பெயர், பட்டத்தோடு. நடுவில் அவள் போட்ட அட்டவணை. கீழே அவள் எழுதாத ஒரு வரி: 'அளந்த காலம் முழுவதும் விரிசலில் மாற்றம் இல்லை. சரிவு நிலையாக உள்ளது.'

அட்டவணையின் வரிகளை விரல்விட்டு எண்ணினாள்.

கல்லூரிக்குப் பின்னால் இருந்த மேட்டைக் குடைந்துதான் ஹாஸ்டலைக் கட்டியிருந்தார்கள். மேடு சரியாமலிருக்க, பின்வரிசை அறைகளை ஒட்டி ஒரு கற்சுவர். சரிவுகளைப் பற்றிய பாடத்தை அவள் இணையத்தின் பொதுத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்திருந்தாள். பல நாட்டு ஆசிரியர்கள் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் தொகுப்பு அது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். எழுதியவர் பெயரையும், எதையெல்லாம் மாற்றினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூலப் பாடம் பனி உருகி நகரும் ஏதோ ஒரு மலைச்சரிவைப் பற்றியது. மாணவிகள் கொட்டாவி விட்டார்கள். அதனால் பனிமலையைத் தூக்கிவிட்டு ஹாஸ்டல் சுவரை வைத்தாள். சுவரில் ஓடிய விரிசலின் குறுக்கே கோடு போட்டு, பதினொரு வாரம் மாணவிகளே அளந்தார்கள். அதிலிருந்து அவளுக்குச் 'சரிவு மேடம்' என்று பெயரே விழுந்துவிட்டது.

முதல் ஆறு வாரம் மழையில்லை. விரிசல் நான்கு மில்லிமீட்டரிலேயே நின்றது. அடுத்த ஐந்து வாரம் மழை. நான்கு ஒன்பதானது. கையிலிருந்த தாளில் அந்த ஐந்து வரிகளைக் காணவில்லை.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சது?" என்றாள்.

"கல்லூரி வெப்சைட்ல மேடம். உங்க துறைத்தலைவர்தான் போட்டாரு."

அவள் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் போய் முட்டியது.

துறைத்தலைவர் தன் அறையில் ஆய்வுக்குழு வருகைக்கான கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"உட்காருங்க மேடம்."

"இருக்கட்டும் சார். அஞ்சு வாரம் எங்க போச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாடம் நீளமா இருந்தது. சுருக்கினேன். ஒரு எண்ணயாவது மாத்தியிருக்கேனா, பாருங்க. இருக்கிறது அத்தனையும் நீங்க அளந்ததுதான்."

"மழை பெஞ்ச வாரமாப் பார்த்து வெட்டியிருக்கீங்க."

"ஹாஸ்டல் விரிவாக்கத்துக்கு அனுமதி வாங்கணும். குழு வர்ற நேரத்துல, நம்ம சுவர் விழப்போகுதுன்னு நாமளே பாடம் நடத்தினா நல்லாவா இருக்கும்? அந்தத் தொகுப்போட லைசென்ஸ்லயே இருக்கு, யார் வேணா மாத்தலாம்னு. போன வருஷம் கூட்டத்துல நீங்கதான் அத விளக்கினீங்க. உங்க பேரையும் விடாமப் போட்டிருக்கேன்."

"என் பேரைத் திருடியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் சார். பொய்யச் சொல்லிட்டு அதுக்கு என் பேரைச் சாட்சிக்கு நிக்க வெச்சிருக்கீங்க. அத நம்பி அந்தம்மா முப்பத்திரண்டு பிள்ளைங்கள சுவருக்குக் கீழ படுக்க வெச்சிருக்காங்க."

"அது வார்டன் எடுத்த முடிவு," என்றார் அவர், கோப்பைப் பார்த்தபடி.

அந்த நொடியில் மேசையைப் புரட்டிப் போட்டிருப்பாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் பேசினால் வாயில் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

வார்டனிடம் பதினொரு வாரக் கணக்கையும் காட்டினாள். வார்டன் இரண்டு முறை படித்தார். முகம் இறுகிப்போயிற்று.

"எல்லாரும் பெட்டிய எடுங்க," என்றார் வராந்தாவைப் பார்த்து. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாலைக்குள் முப்பத்திரண்டு படுக்கைகளும் வாசிப்புக்கூடத்துக்கு வந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் கணவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அவள் எழுதிய பாடத்தை அவர் வரிவரியாக உரக்கப் படிக்க, கல்லூரி தளத்துப் பிரதியில் அவள் கோடிட்டாள். மொத்தம் பதினேழு மாற்றம். 'மழைக்குப் பின் அளவை ஒப்பிடுக' என்ற கேள்வியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஆளு கவனமானவருதான். ஒரு எழுத்துப் பிழை இல்ல," என்றார் கணவர்.

"சிரிக்க வைக்காதீங்க. நான் கோபமா இருக்கேன்."

அன்று மதியமே முழுப் பாடத்தைப் பொதுத் தொகுப்பில் ஏற்றினாள். கூடவே அந்தப் பதினேழு மாற்றங்களின் பட்டியலையும். 'கல்லூரி தளத்தில் உள்ள பிரதிக்கு நான் பொறுப்பல்ல' என்று மேலே எழுதினாள். அதை ஆய்வுக்குழுவுக்கும் அனுப்பினாள்.

குழுவோடு வந்த பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மாணவிகள் போட்ட கோடுகளைப் படமெடுத்தார், பின்வரிசையை மூடச் சொல்லிவிட்டுப் போனார். விரிவாக்கம் நின்றது. கல்லூரி தளத்திலிருந்து பாடம் சத்தமில்லாமல் மறைந்தது. துறைத்தலைவர் எங்கும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு அந்தப் பாடமே அவள் கையை விட்டுப் போனது. புதிதாக வந்தவர் பழையபடி பனிமலையை நடத்தினார். அவளுக்கு ஒரு கடிதம் வந்தது: அனுமதியின்றிக் கல்லூரி விவரங்களை வெளியிட்டதற்கு விளக்கம் தேவை.

விளக்கம் நான்கு பக்கம் போயிற்று. கணவர் சிவப்புப் பேனாவால் வரிவரியாக அடித்துக்கொண்டே படித்து முடித்தார்.

"வசவையெல்லாம் எடுத்துட்டா மூணு வரிதான் மிஞ்சுது."

அவள் வாங்கிப் பார்த்தாள். 'பதினொரு வாரம் அளந்தோம். ஐந்து வாரத்தை மறைத்தார்கள். மறைத்தவரிடம் விளக்கம் கேட்டீர்களா?'

"போதும், இதையே அனுப்பலாம்," என்று தாளை மடித்தாள். பிறகு பிரித்து, மறுபடி பேனாவை எடுத்தாள். "ஒரு வசவ மட்டும் திரும்பச் சேர்த்துக்கறேன்."

"எத?"

"நீங்க முதல்ல அடிச்சதை."